வசிப்பு நாள் கணக்கு (கனடியக் குடியுரிமை)

கனடியக் குடியுரிமை கோரும் நிரந்தர வதிவாளர், விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளில் குறைந்தது 1,095 நாள்கள் அந்நாட்டில் நேரில் இருந்திருக்க வேண்டும். வரி கட்டுவதும் வீடு வைத்திருப்பதும் இந்தக் கணக்கில் சேராது.

2015இல் இந்த நிபந்தனை 6 ஆண்டுகளில் 1,460 நாள்களாக இறுக்கப்பட்டது. 2017 அக்டோபரில் இன்றைய அளவுக்குத் தளர்ந்தது. நிரந்தர வதிவிட உரிமைக்கு முன் மாணவராகவோ பணியாளராகவோ சட்டப்படி தங்கிய ஒவ்வொரு நாளும் அரை நாளாகக் கணக்கில் வரும். அதன் உச்சவரம்பு 365 நாள்கள்.

புறப்படும் நாளும் திரும்பும் நாளும் கனடாவில் இருந்த நாள்களே. ஜூன் 1இல் டொரன்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கிளம்பி ஜூன் 30இல் திரும்புபவருக்குக் கழிவது 28 நாள்கள் மட்டுமே.

பலர் தடுமாறும் இடம் வேறு. கனடியக் குடிமகனான கணவருடன் வெளிநாட்டில் வாழும் மனைவிக்கு, அந்தக் காலம் நிரந்தர வதிவிடத்தைத் தக்கவைக்கத் தேவையான 730 நாள்களில் சேரும். குடியுரிமைக் கணக்கில் பொதுவாகச் சேராது. கணவர் கனடிய ராணுவத்திலோ அரசுப் பணியிலோ அங்கு அனுப்பப்பட்டிருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

விண்ணப்பித்த பிறகு வெளிநாடு செல்லத் தடையில்லை. ஆனால் உறுதிமொழி ஏற்கும்வரை வதிவிடத் தகுதியை இழக்கக்கூடாது.