ஐம்பது ஹெர்ட்ஸ் மாரியோ

பினாங்கில் 90களில் சிறுவர்களாக இருந்தவர்களிடம் 'ஃபேமிகாம்' என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'மைக்ரோ ஜீனியஸ்' என்றால் உடனே முகம் மலரும். நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் தைவான் நகல் அது. நகல்தானே என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதை இன்றைய டிவியில் மாட்டிப் பார்க்கும்போதுதான் அதற்கென்று ஒரு தனி வரலாறு இருப்பது தெரியவருகிறது.

ஃபேமிகாம் ஜப்பானிய டிவிக்காகச் செய்யப்பட்டது. நொடிக்கு 60 படம் வரையும். மலேசியாவிலோ டிவி 1963 டிசம்பரில் தொடங்கியது, 1978இல் வண்ணத்துக்கு மாறியது. நாம் எடுத்துக்கொண்டது பால் முறை: 625 வரிகள், நொடிக்கு 50 முறை. ஜப்பான் பெட்டியை அப்படியே இங்கே மாட்டினால் படம் ஒழுங்காக வராது.

ஐரோப்பாவுக்கான தன் பெட்டியில் நிண்டெண்டோ செயலியின் வேகத்தை 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66க்குக் குறைத்தது. அதனால் ஜப்பானிய கேம்கள் சில அதில் தடுமாறின. தைவானின் யூஎம்சி நிறுவனம் வேறு வழியில் போனது. செயலியை 1.77இல் நிறுத்தி, பட சிப்புக்கும் செயலிக்கும் இடையிலான 3:1 விகிதத்தைக் கெடுக்காமல் வைத்தது. கூடுதலாக வேண்டிய 50 வரிகளைப் படம் வரைந்து முடிந்தபிறகு சும்மா காத்திருக்கும் நேரமாகச் சேர்த்துவிட்டது. கேமுக்கு எதுவும் மாறின மாதிரியே தெரியாது. நகல் எடுத்தவர்கள் மூலத்தை எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறார்கள் பாருங்கள்!

விளைவு வேடிக்கையானது. இசையின் சுருதி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், தாளம் மட்டும் மெதுவாகும். ஜப்பானில் ஒரு நிமிடம் ஓடும் பாட்டு இங்கே 72 நொடி ஓடும். நாம் ஓடவிட்ட மாரியோ கொஞ்சம் நிதானமான ஆள்.

இப்போது இணைப்புக்கு வருவோம். 2019 அக்டோபர் முடிவில் மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு முழுதாக நின்றது. புதிய டிவிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. மலிவான எச்டிஎம்ஐ மாற்றி ஒன்று வாங்கினால் படம் வந்துவிடும். ஆனால் பழைய பெட்டி ஒவ்வொரு முறையும் அனுப்பும் முழுப் படத்தை இவை பெரும்பாலும் பாதிப் படம் என்று எடுத்துக்கொண்டு, இரண்டைச் சேர்த்துக் கலக்கிவிடும். அதோடு 50ஐ 60 ஆக்க, ஐந்து படத்துக்கு ஒன்றை இரண்டு தடவை காட்டும். ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியும். பட்டனை அழுத்தினால் மாரியோ தாமதமாகக் குதிப்பான். துப்பாக்கியோ சுத்தமாக வேலை செய்யாது, ஏன்னா அது பழைய குழாய்த் திரையின் ஒளியை நம்பிச் செய்யப்பட்டது.

நல்ல தீர்வுகளும் உண்டு. 'ஓஎஸ்எஸ்சி' என்கிற திறந்த வடிவமைப்புக் கருவி படத்தைச் சேமித்து வைக்காமல் வரிகளை மட்டும் பெருக்கி உடனே அனுப்பும். 50 என்றால் 50 ஆகவே போகும். டிவி அதை ஏற்கவேண்டும், அவ்வளவுதான். மைக்ரோ ஜீனியஸின் மஞ்சள் வயரை அது நேரடியாக வாங்காது, நடுவில் இன்னொரு மாற்றி தேவை. அதன் மூளை அல்தெரா நிறுவனத்தின் சைக்ளோன் சிப். 1972இல் சுதந்திர வணிக வளாகம் தொடங்கிய நம் பாயான் லெப்பாஸில் அதே அல்தெராவுக்கு வடிவமைப்பு மையம் இருக்கிறது. சிப் ஊரில் வாழும் நமக்கு இந்தக் கதை அந்நியமில்லை.

இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் கேம் வரலாறு பெரும்பாலும் ஜப்பான், அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் வரலாறு. அதை வைத்துப் பார்த்தால் நம் நினைவில் இருக்கும் பாட்டு 'தப்பு'. ஆனால் இங்கே கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் உண்மையில் கேட்டது அந்த மெதுவான பாட்டைத்தான். பழைய பெட்டியை 60க்கு மாற்றி 'சரிசெய்தால்' அழிவது அந்தச் சான்று.

அதனால் லோரோங் கூலிட் சந்தையில் ஒரு மைக்ரோ ஜீனியஸ் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். திறந்து, உள்ளே இருக்கும் சிப்பின் எண்ணைக் குறித்துவையுங்கள். 6538 என்றிருந்தால் அது யூஎம்சியின் 50 ஹெர்ட்ஸ் பட சிப். எதையும் மாற்றுவதற்கு முன்னால், அது ஓடும் வேகத்திலேயே ஒருமுறை பதிவு செய்யுங்கள்.