கோட்டைச் சுவரும் பள்ளிச் சுவரும்

சிறுவயதில் நான் மட்டக்களப்புக் கோட்டைக்குள் போனதெல்லாம் வாப்பாவின் காணி அலுவலாகக் கச்சேரிக்குத்தான். அந்தச் சுவர்களை ஏறிட்டுப் பார்த்த ஞாபகமில்லை. அண்மையில் அதைப் பார்ப்பதற்கென்றே போனேன்.

புளியந்தீவில் வாவியோரம் நிற்கும் இக்கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பினர். 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இன்று நிற்பது பெரும்பாலும் ஒல்லாந்தர் திருத்திக் கட்டியதே. ஆனால் இதன் வடிவம் மறுமலர்ச்சிக்கால இத்தாலியில் பிறந்தது. பீரங்கியின் முன் உயர்ந்த மதில்கள் நொறுங்கவே, அங்குள்ளோர் மதிலைத் தாழ்த்தித் தடிப்பாக்கி, மூலைகளில் வெளியே துருத்தும் கொத்தளங்களை வைத்தனர். ஒரு கொத்தளத்தில் நிற்பவன் அடுத்ததன் அடிவாரத்தைச் சுடலாம். எதிரி பதுங்க இடமிராது. சிற்பி மைக்கலாஞ்சலோவும் புளோரன்ஸ் நகருக்கு இத்தகைய அரண்களை வரைந்தவர்தான். அந்தக் கணக்கு கடல் தாண்டி நமது வாவிக்கு வந்திருக்கிறது.

கோட்டை எழுவதற்கு இரண்டாண்டு முன், 1626இல், போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டினர். கண்டி மன்னன் செனரத் நாலாயிரம் பேரை மட்டக்களப்பில் குடியேற்றியதாகக் குவேறோஸ் பாதிரியார் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே இங்கு நம்மவர் இருந்தனர் என்பது வேறு விடயம். அடைக்கலம் தந்த கண்டியின் துறைமுகங்களை அடைக்கவே இக்கோட்டை எழுந்தது. ஆக, விரட்டியவனின் கட்டடம் கல்லாய் நிற்கிறது. வந்தவர்கள் கட்டியது எங்கே?

அதைத் தேடிக் கல்லடிப் பாலம் கடந்து காத்தான்குடிக்குப் போனேன். பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை, மினாராக்கள் வானை முட்டுகின்றன. பழைமைதான் கண்ணில் படவில்லை. என் சொந்த ஊரிலும் இதே கதை. ஓட்டுக்கூரையும் மரத்தூண்களும் கொண்ட பழைய பள்ளியை நான் பார்த்திருக்க இடித்தார்கள். ஜனம் பெருகிவிட்டது, இடம் போதாது என்றார்கள்; அது உண்மைதான். ஆனால் ஒரு படமாவது எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

காத்தான்குடியில் நாம் பேணிக் காத்த சுவர் ஒன்று உண்டு. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையின்போது மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மீராப் பள்ளிச் சுவரில் அந்தச் சன்னத் துளைகள் இன்றும் பூசப்படாமல் இருக்கின்றன. தொழுதுவிட்டு நெடுநேரம் அவற்றின் முன் நின்றேன். சுடப்பட்டால்தான் ஒரு சுவரைக் காப்போமா என்று கேட்டது மனசு. கேட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது.

ஊர் திரும்பியதும் எங்கள் பழைய பள்ளியின் மரங்கள் என்னவாயின என்று விசாரித்தேன். ஒரு தூண் பக்கத்துத் தெருவில் மாட்டுக்கொட்டிலைத் தாங்கி நிற்கிறது. வீட்டுக்கார மூத்தம்மா அது பள்ளித்தூண் என்று அறிந்தே வைத்திருக்கிறார். அதில் மாடு கட்ட விடுவதில்லையாம். நூல் பிடித்து அளந்து, படமெடுத்துக்கொண்டு வந்தேன்.