சேலை பார்டர் டு கேம் ஹீரோ... பிக்ஸல் ஆர்ட் வரைய எந்த சாஃப்ட்வேர் உங்களுக்கு செட் ஆகும்?

சேலம் பக்கத்துல இருக்கும் இளம்பிள்ளை சேலை ஒன்றின் பார்டரை உத்துப் பாருங்க. தள்ளி நின்னு பார்த்தா மயில் கழுத்து வளைவா தெரியும். கிட்டப் போனா அந்த வளைவு சின்னச் சின்ன படிக்கட்டா மாறிடும். காரணம் சிம்பிள். ஜக்கார்டு தறிக்கான டிசைனைக் கட்டம் கட்டமாகத்தான் நிரப்புவார்கள். ஒரு கட்டத்தில் பாவு நூல் மேலே எழும்பணுமா, கீழேயே இருக்கணுமா என்பதுதான் கணக்கு. ஒருகாலத்தில் கிராஃப் பேப்பரில் வரைந்து, அட்டையில் துளை போட்டுச் செய்த இந்த வேலையை இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

கேம்களில் வரும் பிக்ஸல் ஆர்ட்டும் இதே கட்டக் கணக்குதான். கேமுக்குள் நடக்கிற, குதிக்கிற ஹீரோ, வில்லன், காசு, கல் என ஒவ்வொரு படத்துக்கும் 'ஸ்ப்ரைட்' என்று பெயர். 1981-ல் வந்த 'டாங்கி காங்' கேமில் மரியோவுக்கு மீசையும் தொப்பியும் வந்ததே கட்டப் பற்றாக்குறையால்தான். அந்தக் குட்டி முகத்தில் வாயையும் தலைமுடியையும் தெளிவாகக் காட்ட இடமில்லை. மீசையும் தொப்பியும் அந்தப் பிரச்னையைத் தீர்த்தன.

இந்த ஏரியாவில் ஆசைப்பட்டு இறங்கும் பலரும் முதலில் தேடுவது, 'புரோ ஆட்கள் எந்த சாஃப்ட்வேர் யூஸ் பண்றாங்க?' என்பதைத்தான். அது காசு கேட்டால் அடுத்த தேடல் கிராக் வெர்ஷன். அதோடு சேர்ந்து வைரஸும் லேப்டாப்புக்குள் வரலாம். பிக்ஸல் ஆர்ட்டுக்கு அந்த ரிஸ்க் தேவையே இல்லை பாஸ்!

முதல்ல என்ன பார்க்கணும்?

எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் இந்த ஐந்தும் இருக்கா என்று பாருங்கள்.

1. ஓரம் மங்காத பென்சில்: ஒரு கட்டத்தைத் தொட்டால் அந்தக் கட்டம் மட்டும்தான் நிறம் மாறணும். பக்கத்துக் கட்டத்தில் லேசாகக்கூட கசியக் கூடாது.

2. பேலட்: பயன்படுத்தும் நிறங்களை 8 அல்லது 16 என்று அடக்கி வைக்கும் வசதி. இதில் 'இண்டெக்ஸ்டு' முறை இருந்தால் இன்னும் லாபம். ஒரே டிசைனில் நூலை மட்டும் மாற்றி நெய்தால் வேறு கலர் சேலை கிடைக்கிற மாதிரி, பேலட்டில் ஒரு நிறத்தை மாற்றினால் ஹீரோவின் சட்டை முழுக்க மாறிவிடும்.

3. ஃப்ரேம் டைம்லைன்: நடப்பது, குதிப்பது எல்லாம் பல படங்களின் வரிசைதான்.

4. ஆனியன் ஸ்கின்: முந்தைய ஃப்ரேம் பின்னால் மங்கலாகத் தெரியும். காலை எவ்வளவு நகர்த்தணும் என்று கண்ணாலேயே அளந்துகொள்ளலாம்.

5. ஸ்ப்ரைட் ஷீட் எக்ஸ்போர்ட்: எல்லா ஃப்ரேமையும் ஒரே படமாக அடுக்கித் தரும் வசதி.

எதை இன்ஸ்டால் பண்றது?

மொபைல் மட்டும்தான் இருக்கு என்பவர்களுக்கு 'பிக்ஸல் ஸ்டுடியோ' போதும். இலவச வெர்ஷனிலேயே லேயர், அனிமேஷன் எல்லாம் உண்டு. நடுவே விளம்பரம் வரும், அவ்வளவுதான். விரல் நுனி பெரிதாக இருப்பதால் 16×16, 32×32 அளவோடு நிறுத்திக்கொண்டால் கை வலிக்காது.

காலேஜ் லேபில் இன்ஸ்டால் பண்ண விடமாட்டாங்களா? 'பிஸ்கெல்' இருக்கு. பிரவுசரிலேயே ஓடும், இலவசம், அரை மணி நேரத்தில் பழகிவிடும். ஒன்று மட்டும் கவனம்: பிரவுசருக்குள் மட்டும் சேவ் செய்த வேலை, பிரவுசர் டேட்டாவை யாராவது அழித்தால் சேர்ந்தே போய்விடும். எழுந்திருக்கும் முன் ஃபைலாக டவுன்லோடு பண்ணி, உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள்.

சொந்த லேப்டாப் இருந்தால் 'பிக்ஸலோராமா'. முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். மேலே சொன்ன ஐந்தும் இதில் இருக்கு. 'கோடோ' கேம் இன்ஜினை வைத்தே உருவாக்கப்பட்டது என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

எல்லோரும் சொல்லும் 'ஏஸ்ப்ரைட்'? இந்த வேலைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை அது. 2018-ல் வந்த 'செலஸ்ட்' கேமின் பிக்ஸல் ஆர்ட்டுக்கு இதைத்தான் பயன்படுத்தினார்கள். விலை சுமார் 20 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். டிரையல் வெர்ஷனில் வரைந்து பார்க்கலாம், ஆனால் சேவ் ஆகாது. இதன் சோர்ஸ் கோட் பொதுவில் இருப்பதால், கம்பைல் பண்ணத் தெரிந்தவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்குக் காசில்லாமலே உருவாக்கிக்கொள்ளலாம். அதை அடுத்தவருக்குக் கொடுக்கத்தான் அனுமதி இல்லை. இதன் பழைய ஓப்பன் சோர்ஸ் வெர்ஷனிலிருந்து பிரிந்து வந்த 'லிப்ரேஸ்ப்ரைட்' இலவசம்.

போட்டோஷாப், கிரிட்டா, ஜிம்ப் வேண்டாமா? ஏற்கெனவே பழகியிருந்தால் ஓகே. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, போட்டோவுக்கும் ஓவியத்துக்கும் வைத்திருக்கும் செட்டிங்குகளை ஒவ்வொன்றாக அணைப்பதே தனி வேலையாகிவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். 2016-ல் வெளியாகி உலகமே விளையாடிய 'ஸ்டார்டியூ வேலி'யின் படங்களை எரிக் பரோன் தனி ஆளாக வரைந்தது, 'பெயிண்ட் டாட் நெட்' என்ற சாதாரண இலவச சாஃப்ட்வேரில்!

அளவில்தான் உழைப்பு இருக்கு

32×32 ஸ்ப்ரைட்டில் 1,024 கட்டங்கள். 64×64 என்றால் 4,096. பக்கம் இரண்டு மடங்கு, வேலை நான்கு மடங்கு. ஹீரோ நான்கு திசையில் நடக்க, திசைக்கு நான்கு ஃப்ரேம் வைத்தால் 16 படம் வரையணும். பாதியில் நிற்கும் பல கேம்கள் இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கியவைதான்.

வரைஞ்ச பிறகு கெடுத்துடாதீங்க

* பி.என்.ஜி ஆக மட்டும் சேவ் பண்ணுங்கள். ஜே.பி.ஜி ஆக்கினால் கட்டங்களின் ஓரத்தில் அழுக்குப் படியும். பின்னணி டிரான்ஸ்பரன்ட்டாகவும் இருக்காது.

* வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

* பெரிதாக்கினால் 2, 3, 4 மடங்கு என முழு எண்ணில் மட்டும். ஒன்றரை மடங்கு ஆக்கினால் சில கட்டம் பெரிசு, சில கட்டம் சிறிசு என்று கோணலாகும்.

* கேமில் போட்டதும் படம் மங்கலா? யூனிட்டியில் ஃபில்டர் மோடை 'பாயின்ட்' ஆகவும், கோடோவில் டெக்ஸ்ச்சர் ஃபில்டரை 'நியரஸ்ட்' ஆகவும் மாற்றினால் பளிச்சென்று வந்துவிடும்.

சாஃப்ட்வேர் தேர்வில் ஒரு வாரத்தைக் கரைக்காதீங்க. இன்னைக்கே ஒன்றைத் திறந்து, 16×16-ல், நான்கே நிறத்தில் ஒரு நாமக்கல் முட்டை வரையுங்கள். வெளிச்சம் எங்கே விழுது, நிழல் எங்கே என்று அது கற்றுக்கொடுக்கும். அடுத்து ஒரு சேலம் மாம்பழம். மூன்றாவதாக, சக்கரம் சுற்றும் ஒரு நாமக்கல் லாரி, நான்கு ஃப்ரேமில். லாரி நிற்காமல் ஓடிச்சுன்னா, அந்த சாஃப்ட்வேர் உங்களுக்குப் போதும். காசு கொடுத்து எதையாவது வாங்கணுமா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.