சட்டம் வந்த பின்னும் வற்றிய சதுப்பு



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இயற்கைப் பாதுகாப்பைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அழிந்துவரும் தாவரங்களை எவ்வாறு காக்கலாம் என்று கேட்டபோது, "சட்டம் இயற்றலாம், ஐயா" என்றார் ஒரு மாணவர். பாராட்டினேன். உடனே பின்வரிசை மாணவி ஒருவர், "சட்டம் இயற்றிய பின்னும் அழிந்துபோனால் என்ன செய்வது, ஐயா?" என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது. உண்மையில் என்னிடமும் விடை இல்லை. அவ்வினா என்னை ஆஸ்திரேலிய நாட்டின் மலைச் சதுப்புகளின் வரலாற்றிற்கு அழைத்துச் சென்றது.

மலாய்மொழியில் 'தானா கம்புட்' எனப்படும் பீட் மண் நமக்குப் புதிதன்று. நீரில் ஊறிய தாவரங்கள் முழுமையாக மட்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காய்ச் சேர்வதால் உருவாகும் மண் அது. அது காய்ந்து தீப்பற்றினால் என்னவாகும் என்பதைப் புகைமூட்டக் காலங்களில் நம் பிள்ளைகளின் இருமலே சொல்லும். நம் நாட்டில் இத்தகைய நிலம் பெரும்பாலும் தாழ்நிலத்தில் உள்ளது. ஆனால், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சிட்னிக்கு மேற்கிலும் தென்மேற்கிலும், மணற்கல் மலைகளின் மேல் இத்தகைய சதுப்புகள் அமைந்துள்ளன. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வறண்ட காலத்தில் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாய் வழங்குவது அவற்றின் பணி.

அவற்றுள் ஒன்று விஞ்சகேரிபி சதுப்பு. அவ்வூரின் பெயரையே தாங்கிய சிறிய ஜென்ஷியன் செடி அங்குள்ள அரிய தாவரங்களுள் ஒன்று. 1970களில் எழுந்த நீர்த்தேக்கம் சதுப்பின் ஒரு பகுதியை விழுங்கியது. எஞ்சிய பகுதியில், தோட்டக்கலைக்கு உதவும் பீட் மண்ணைப் பல ஆண்டுகள் அகழ்ந்தெடுத்தனர். 1998 ஆகஸ்டில் பெய்த கனமழையின்போது சதுப்பு உடைந்து பிளந்தது. பீட் மண் பெருமளவில் நீர்த்தேக்கத்திற்குள் சரிந்தது. பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்தது சரிவதற்கு ஒரு மழையே போதுமானதாயிற்று.

1999-இல் ஆஸ்திரேலிய நடுவண் அரசு, சுற்றுச்சூழல் மற்றும் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. தனித்தனி உயிரினங்களை மட்டுமன்றி, ஒன்றோடொன்று பிணைந்து வாழும் உயிர்ச்சமூகம் முழுவதையும் பட்டியலிட அச்சட்டம் வழிசெய்கிறது. அவ்வாறே 2005 மே மாதத்தில், மணற்கல் மீதமைந்த மலைப் பீட் சதுப்புகள் அழியும் அபாயத்திலுள்ள உயிர்ச்சமூகமாக அறிவிக்கப்பட்டன. ஒரு செடியின் பெயரை எழுதாமல், அது வேரூன்றிய ஈர நிலத்தையே சட்டத்தில் எழுதினர். புளூ மவுண்டன்ஸ் நீர் அரணையும், இளம்பருவத்தைச் சதுப்பு வளைக்குள் பல ஆண்டுகள் கழிக்கும் பெருந்தட்டானும் அந்நிலத்தை நம்பியே வாழ்கின்றன.

ஆயினும் ஆபத்து நிலத்தடியில் இருந்தது. நியூன்ஸ் பீடபூமியின் சதுப்புகளுக்குக் கீழே நிலக்கரி உண்டு. அங்கு நிலக்கரியை அகன்ற பட்டைகளாக வெட்டியெடுப்பர். வெட்டிய இடத்தின் கூரை பின்னால் இடிந்து விழும். மேலுள்ள பாறை வளைந்து விரிசலுறும். சதுப்பை எவரும் தொடவில்லை. ஆயினும் அதன் நீர் விரிசல் வழியே இறங்கிவிடுகிறது. இவ்வாறு சில சதுப்புகள் சேதமுற்றமையால், 2011-இல் சுரங்க நிறுவனம் ஒன்று சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழி அளித்து, சதுப்பு ஆய்வுக்காக 14.5 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் வழங்க இணங்கியது. சட்டம் பணத்தைப் பெற்றுத் தந்தது. இறங்கிய நீரைப் பெற்றுத் தர இயலவில்லை.

2019-ஆம் ஆண்டின் இறுதியில் பெருங்காட்டுத்தீ அப்பீடபூமியையும் எரித்தது. ஈரம் காத்த சதுப்புகளில் செடிகள் மீண்டும் துளிர்த்தன. அடியில் சுரங்கம் தோண்டப்பட்டு வறண்டுபோன சதுப்புகளிலோ பீட் மண்ணே எரிந்தது. மீள்வளர்ச்சி மிகவும் குன்றியது. ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு இவ்வேறுபாட்டைப் பதிவு செய்துள்ளனர். 2022-இல் அவ்வட்டாரத்தில் 'கார்டன்ஸ் ஆஃப் ஸ்டோன்' மாநிலப் பாதுகாப்புப் பகுதி அறிவிக்கப்பட்டது. மகிழத்தக்க செய்திதான். ஆயினும் தேசியப் பூங்காவைப் போலன்றி, இவ்வகைப் பகுதியில் சுரங்கப் பணிக்குச் சட்டம் இடமளிக்கிறது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்வரலாற்றைப் படித்த பின் ஒரு சிறு செய்முறையை வகுப்பில் நடத்தினேன். நீங்களும் செய்து பார்க்கலாம். நீரில் ஊறிய இரண்டு ஸ்பாஞ்சுகளை எடுத்து, ஒன்றைத் தட்டிலும் மற்றொன்றைக் கம்பி வலையின் மீதும் வைத்து, இரண்டிலும் முளைவிட்ட பச்சைப்பயற்றைத் தூவினோம். நான்கு நாளில், தட்டில் இருந்தவை நிமிர்ந்து நின்றன. வலையின் மேல் இருந்தவை வாடிப்போயின. இரண்டையும் எவரும் தொடக்கூடாது என்பதே நாங்கள் வகுத்த 'சட்டம்'. அதை எல்லாரும் மதித்தனர்.

அம்மாணவி நெடுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "அப்படியென்றால் அடியில் இருப்பதையும் சேர்த்துச் சட்டம் எழுத வேண்டும், ஐயா" என்றார்.

சட்டம் வேண்டாம் என்பது இவ்வரலாற்றின் பாடமன்று. 2005-இன் அறிவிப்பு இல்லையெனில், 2011-இல் எவரையும் கணக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனால், சேதத்திற்குப் பின் வரும் சட்டம் தண்டிக்கும். சேதத்திற்கு முன் தடுக்கும் சட்டமே காக்கும். அந்த வேறுபாட்டைக் கேள்வியாய் எழுப்பும் பிள்ளைகளை நாம் வளர்த்துவிட்டால், நாளை சட்டம் எழுதும் கைகள் இன்னும் சற்று ஆழமாய் எழுதும். சிந்திப்போமாக.