அதிசய மனிதர்களும் தமிழ் மாய யதார்த்தமும்: திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கழுதூர் வரை

கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர், அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு திருப்பாதிரிப்புலியூருக்கு அருகே கரை சேர்ந்தார் என்பது சைவ மரபு. அவர் ஏறிய இடமாகச் சொல்லப்படும் ஊருக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். கடலூரை ஒட்டி இன்றும் இருக்கிறது. இந்த வரலாற்றைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் பாடினார். நூல் உருவான இடம் சிதம்பரம் கோயிலின் ஆயிரக்கால் மண்டபம் என்று மரபு கூறுகிறது. அறுபத்து மூவரில் குயவர், வண்ணார், மீனவர், வேடர் எனப் பலரும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஊர், குலம், தொழில் ஆகியவற்றைச் சொல்லிய பிறகே சேக்கிழார் அற்புதத்துக்கு வருகிறார். நம்ப முடியாததை முகவரியோடு சொல்லும் இந்த முறை, தமிழில் மாய யதார்த்த நாவல் வேர்பிடித்த விதத்தைப் புரிந்துகொள்ள முதன்மையானது.

இதே முறையை 19-ஆம் நூற்றாண்டில் வள்ளலாரைப் பற்றிய செய்திகளிலும் காணலாம். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகள், கருங்குழியில் மணியக்காரர் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கியிருந்தார். விளக்குக்கு எண்ணெய் வைக்கும் கலயம் உடைந்துபோனது. புதுக் கலயத்தைப் பழக்குவதற்காக வீட்டு அம்மாள் அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். எழுத்தில் மூழ்கியிருந்த அடிகள் அதையே எண்ணெய் என்று எடுத்து அகலில் வார்க்க, விளக்கு விடியும்வரை எரிந்தது என்கிறது வரலாறு. மண்பாண்டம் பழக்கும் அடுக்களை வழக்கம் இல்லாமல் இந்த அற்புதம் இல்லை. அதன் நம்பகத்தன்மையும் அங்கிருந்தே வருகிறது. 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்ட அவர் பின்னர் காணப்படவில்லை. 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் இதையும் பதிவு செய்தது. நஞ்சை புஞ்சைக் கணக்கும் ஒரு மனிதர் மறைந்த செய்தியும் ஒரே அரசாங்க நூலுக்குள் இடம்பெற்றன.

அதே 1906-இல்தான் திருப்பாதிரிப்புலியூரில் சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் பிறந்தார். 1943-இல் வெளிவந்த அவருடைய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சிறுகதைதான், நாவல் அல்ல. ஆனாலும் தமிழ் மாய யதார்த்தத்தின் தலைவாசல் என்று அதைச் சொல்லலாம். சென்னைத் தெருவில் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் ஒருவரைக் கடவுள் சந்திக்கிறார், காபி குடிக்கிறார், 25 ரூபாய் ஜீவிய சந்தா கட்டுகிறார். கடைசியில் நடனம் ஆடிக் காட்டினால், அது கலையே இல்லை என்று தள்ளிவிடுகிறார்கள். தில்லையில் ஆடும் கூத்தனுக்குப் பட்டணத்தில் மேடை கிடைக்கவில்லை. அற்புதம் உண்மையா என்ற கேள்வியைப் புதுமைப்பித்தன் எழுப்பவே இல்லை. அதை எதிர்கொள்ளும் உலகம் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டார். பின்னாளில் வந்த நாவல்களுக்கெல்லாம் அவர் விட்டுச்சென்ற கேள்வி அது.

சிதம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 1985-இல் மறைந்த மௌனி வேறொரு வழியில் சென்றார். ‘பிரபஞ்ச கானம்’ கதையில் இயற்கையின் இசை முழுவதும் ஒரு பெண்ணின் குரலுக்குள் அடைபட்டிருக்கிறது. அவள் பாடும்போது அந்த இசை வெளிக்குத் திரும்புகிறது, அவள் உயிரும் பிரிகிறது. வரத்துக்கு விலை உண்டு என்பதைத் தமிழ்ப் புனைவு இவ்வளவு நேராகச் சொன்ன இடங்கள் மிகக் குறைவு.

மாய யதார்த்தம் என்ற பெயர் வெளியிலிருந்து வந்தது. ஜெர்மானிய விமர்சகர் ஃபிரான்ஸ் ரோ 1925-இல் ஓவியத்துக்காக அதைப் பயன்படுத்தினார். மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ (1967) அதை உலகம் முழுதும் கொண்டு சென்றது. அதிசய ஆற்றல் பெற்றோரைப் பற்றிய நாவலுக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு, சல்மான் ருஷ்டியின் ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ (1981). 1947 ஆகஸ்ட் 15-இன் முதல் ஒரு மணி நேரத்தில் பிறந்த 1001 குழந்தைகளுக்கு அதில் ஆளுக்கொரு ஆற்றல். தேசத்தின் பிறப்பே அங்கே வரம் தருகிறது.

தமிழ் நாவலில் இம்முறையைத் தெரிந்தே கையாண்ட முன்னோடி, தமிழவனின் ‘ஏற்கெனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ (1985). சிற்றிதழ்கள் இந்தப் போக்கை வளர்த்தன. கோணங்கியின் ‘கல்குதிரை’ மார்க்வெஸுக்குச் சிறப்பிதழே வெளியிட்டது. 1990-களின் இறுதிக்குள் இரவல் வாசனை குறைந்து, உள்ளூர்த் தொன்மம் மேலெழுந்தது. ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) அதற்கு ஒரு சான்று. அதிசய மனிதரை நடுவில் நிறுத்திய வகையில் யுவன் சந்திரசேகரின் ‘குள்ளச் சித்தன் சரித்திரம்’ (2002) தனித்து நிற்கிறது. சித்தரை நேரடியாகக் காட்டாமல், அவரைச் சந்தித்தவர்களின் வாழ்க்கைகளைக் கோத்தே கதை நகர்கிறது. சாட்சிகளால் அற்புதத்தை நிறுவும் இந்த உத்தி, மார்க்வெஸின் கற்பனை ஊரான மக்கோண்டாவைவிட வள்ளலாரின் கருங்குழிக்கே நெருக்கமானது. எஸ். ராமகிருஷ்ணனின் ‘யாமம்’ (2007) நாவலில் ஒரு குடும்பத்துக்கு மட்டுமே கைவந்த அத்தர் செய்முறையே வரமாகிறது.

கடலூர் மாவட்டத்தின் பிற்கால நாவலாசிரியர்கள் பெரும்பாலும் யதார்த்தத்தையே தேர்ந்தார்கள். மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தனிடமே அந்தச் சாய்வு உறுதியாக இருந்தது. கழுதூரைச் சேர்ந்த இமையத்தின் ‘செடல்’ (2006) இங்கே கவனிக்கத் தக்கது. அதில் மாயம் இல்லை. மாயத்தின் மீது ஊர் வைக்கும் நம்பிக்கை இருக்கிறது. மழை வேண்டி ஒரு சிறுமியைத் தெய்வத்துக்குப் பொட்டுக்கட்டி விடுகிறார்கள். அவள் கேட்காத தெய்வத்தன்மையை ஊர் அவள் தலையில் ஏற்றுகிறது. அந்தப் பட்டத்தால் அவளுக்கு வீடு இல்லாமல் போகிறது, திருமணம் இல்லாமல் போகிறது. கூத்தாடிப் பிழைத்து அவள் ஊர் ஊராக அலைவதைத்தான் நாவல் பின்தொடர்கிறது.