இலேசான உலோகமும் உவர்நீரும்

1895 ஆம் ஆண்டிலே, அமெரிக்கக் கிண்ணத்துக்கான பாய்க்கப்பல் ஓட்டத்தை முன்னிட்டு, நதானியேல் ஹெரசொவ் என்னும் கப்பற் சிற்பி 'டிபெண்டர்' என்ற கலத்தை அமைத்தார். பாரம் குறைந்தால் வேகம் கூடும். ஆதலின் நீர்மட்டத்துக்கு மேலே அலுமினியத் தகடும், கீழே மங்கனீசு வெண்கலத் தகடும், உள்ளே உருக்குச் சட்டங்களும் பொருத்தினார். அவ்வாண்டே பிரித்தானியாவிலிருந்து வந்த கலத்தை எதிர்த்து, அது கிண்ணத்தைக் காத்தது.

ஆனால், வேறுபட்ட உலோகங்கள் உவர்நீரிலே ஒன்றையொன்று தொட்டால் மின்கலத்திற்போல மின்னோட்டம் பிறக்கும். அதனால் அரிக்கப்பட்டது அலுமினியமே. 1901 இல் அக்கலம் உடைக்கப்பட்டது.

குற்றம் உலோகத்தினதன்று, கூட்டினதே. பிற்காலத்தார் அலுமினியத்துடன் மகனீசியம் சேர்த்து, கடல்நீரைத் தாங்கும் கலப்புலோகம் ஆக்கினர். தகடுகளை உருக்கி இணைக்கவும் கற்றனர். அத்தகைய அலுமினியக் கலமாகிய 'பென் டுயிக் மூன்று' என்பதிலே, பிரெஞ்சு மாலுமி எரிக் தபார்லி 1967 இல் பாஸ்ற்நெற் கடலோட்டத்தை வென்றார்.

இன்று அலுமினியக் கலங்களைப் பரிசோதிப்போர் பூச்சின் பொலிவைக் கண்டு மயங்குவதில்லை. வெண்கலமும் உருக்கும் அலுமினியத்தைத் தொடும் இடங்களைத் தேடுவர். ஒலியலையால் தகட்டின் தடிப்பை அளப்பர். தாம் கரைந்து கலத்தைக் காக்கும் துத்தநாகக் கட்டிகளின் தேய்வை நோக்குவர். நடுக்கடலிற் செல்வோரின் உயிர் அச்சோதனையிலே தங்கியுள்ளது.