வாளையாற்றைக் கடக்கும் புகை

புகை எங்கே வெளியேறுகிறதோ அங்கேயே கேடு விளைவிக்கும் என்னும் எண்ணம் காற்று மாசு குறித்த சிந்தனையில் நெடுங்காலம் நிலவியது. அவ்வெண்ணத்தின் குறையைப் பாலக்காட்டுக் கணவாயின் வரலாறு தெளிவாக உணர்த்துகிறது.

தமிழகத்திலிருந்து இடுக்கிக்குச் செல்லும் போடிமெட்டு, குமுளி வழிகள் மலையேறிக் கடக்க வேண்டியவை. வடக்கே, சுமார் 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயிலோ அத்தகைய ஏற்றம் இல்லை. ஆகவே வணிகம் அவ்வழியை நாடியது. 1862-இல் போத்தனூரையும் பட்டாம்பியையும் இணைத்த இருப்புப்பாதை, நீராவி எஞ்சினின் புகையை அங்கே கொண்டுவந்தது. பின்னர் லாரிகள் பெருகின. வாளையாற்றுச் சோதனைச்சாவடியில் அவை மணிக்கணக்கில் வரிசையில் காத்துக்கிடந்தன.

எஞ்சினின் உயர் வெப்பத்தில் பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது. வெயில் அதைப் பிளக்க, விடுபட்ட ஆக்சிஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறுடன் கூடி ஓசோனாகிறது. புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனை உடனே அழிப்பதால், வாகன நெரிசலுக்கு அருகில் ஓசோன் குறைவாகவே இருக்கும். ஆனால் எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன்களிலிருந்து தோன்றும் பெராக்சி தனி உறுப்புகள், ஓசோனைச் செலவிடாமலே நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுகின்றன. எனவே புகை நகரைவிட்டு நீங்கிச் செல்லச் செல்ல, காற்று வீசும் திசையில் ஓசோன் திரள்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பனிப்புகையை ஆராய்ந்த ஆரி ஹாகன்-ஸ்மித் 1950-களின் தொடக்கத்தில் இவ்வினையை விளக்கினார். பயிரிலைகளில் கண்ட சேதம் அவருக்கு முக்கியமான தடயமாயிற்று. இந்தியாவிலோ 1994-ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர வரையறைகளில் ஓசோன் இடம்பெறவில்லை. 2009-இல்தான், 8 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற வரம்பு வந்தது.

தென்மேற்குப் பருவத்தில் கணவாய்க் காற்று கோயம்புத்தூரை நோக்கி வீசுகிறது. மார்கழி, தை மாதங்களில் அது திசை திரும்பிப் பாலக்காட்டுக்குள் நுழைகிறது. வானம் தெளிந்து வெயில் காயும் அக்காலத்தில் வயலில் இரண்டாம் போக நெல் நிற்கிறது. ஓசோன் இலைத்துளைகள் வழியே புகுந்து ஒளிச்சேர்க்கையைக் குலைப்பது. ஒரு மாநிலத்து நகரப் புகையின் விளைவை மறு மாநிலத்து உழவர் சுமக்க நேரலாம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிக்காகக் காத்திருக்கும் வரிசை மறைந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதியால் டீசலின் கந்தக வரம்பு 50 பி.பி.எம்.-இலிருந்து 10 ஆகக் குறைந்தது. இவை மெய்யான முன்னேற்றங்கள். எனினும் ஓசோன் நேர்விகிதத்தில் குறைவதன்று. ஹைட்ரோகார்பன்களை விட்டுவிட்டு நைட்ரஜன் ஆக்சைடுகளை மட்டும் ஓரளவு குறைத்தால், நகருக்குள் ஓசோன் கூடவும் கூடும். ஆகையால் புகை பிறக்கும் நகரில் மட்டும் அளவிடுவது போதாது. காற்று சென்றடையும் வயல்வெளியிலும் அளவிட வேண்டும். அக்கணக்கை இரு மாநிலங்களும் சேர்ந்தே எழுத வேண்டும்.